லிஸ் ட்ரஸ்: 26,195 வாக்கு வித்தியாசம் எங்கே போனது?

2024 ஜூலை 5, விடிந்துவிட்டது. கிழக்கு இங்கிலாந்தின் கிங்ஸ் லின் ஊரில் ஒரு விளையாட்டு அரங்கம். ராத்திரி முழுக்க ஓட்டு எண்ணிக் களைத்தவர்கள் முடிவைக் கேட்கக் காத்திருக்கிறார்கள். ஒரு வேட்பாளரை மட்டும் காணோம். கூட்டத்தில் சிலர் பொறுமை இழந்து, மெதுவாக, ஒரே தாளத்தில் கைதட்டத் தொடங்குகிறார்கள். கடைசியில் அவர் வந்து மேடையில் நிற்கிறார். 630 ஓட்டில் தோற்றுவிட்டார் என்று அறிவிப்பு வருகிறது. மேடையில் ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப் போகிறார்.

அவர் லிஸ் ட்ரஸ். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். அதே தென்மேற்கு நார்ஃபோக் தொகுதியில் 2019 தேர்தலில் 26,195 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தவர். முன்னாள் பிரதமர் ஒருவர் பொதுத்தேர்தலில் சொந்தத் தொகுதியையே இழப்பது 1935இல் ராம்சே மெக்டொனால்டுக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

பொதுத்தேர்தலே நடக்காமல் அவர் எப்படிப் பிரதமரானார்? 49 நாளில், அதுவும் தேர்தல் இல்லாமல், எப்படி வெளியேற்றப்பட்டார்? அவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படிக் கரைந்தது? மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பிரிட்டனில் ஒருவரைப் பிரதமராக்குவது ஒரே கூட்டம் போடும் ஓட்டு இல்லை.

நான்கு வாசல்கள்

ட்ரஸ்ஸின் கன்சர்வேடிவ் கட்சியில் ஒருவர் பிரதமராக நான்கு வாசலைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் நிற்பவர்கள் வேறு, அவர்கள் கேட்பதும் வேறு.

1. தொகுதிக் கட்சிக் கிளை. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் உள்ளூர் உறுப்பினர்கள். தலைமை அலுவலகம் பட்டியல் கொடுக்கலாம், அழுத்தம் தரலாம். ஆனால் கடைசிக் கூட்டம் ஊரில்தான் நடக்கும். கட்சியின் கோட்டையான தொகுதியில் இந்த வாசலைத் தாண்டினாலே எம்.பி. ஆனது மாதிரிதான்.

2. தொகுதி வாக்காளர்கள். இந்தியாவில் உள்ள அதே முறை. அங்கிருந்துதான் நமக்கும் வந்தது. யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயித்தார். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

3. கட்சியின் எம்.பி.க்கள். தலைவர் பதவி காலியானால் போட்டியாளர்களுக்குள் சுற்றுச் சுற்றாக ஓட்டுப் போட்டு இரண்டு பேராகக் குறைப்பது இவர்கள் வேலை. இதை நடத்துவது '1922 குழு' என்ற பெயரில் இயங்கும், அமைச்சராக இல்லாத பின்வரிசை எம்.பி.க்களின் குழு.

4. கட்சியின் சாதாரண உறுப்பினர்கள். சந்தா கட்டியவர்கள். அந்த இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இவர்கள். கட்சி ஆட்சியில் இருந்தால், இவர்கள் தேர்ந்தெடுப்பவர் மறுநாளே நாட்டின் பிரதமர்.

நான்காவது வாசல் பழையது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1998இல்தான் வந்தது. 1997இல் படுதோல்வி அடைந்த கட்சியைச் சீர்படுத்த, அப்போதைய தலைவர் வில்லியம் ஹேக் கொண்டுவந்த விதி அது. அதற்கு முன்னால் எம்.பி.க்களே தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

புது விதி முதல்முறை பயன்பட்டது 2001இல். எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கென்னத் கிளார்க்குக்கு 59, இயன் டங்கன் ஸ்மித்துக்கு 54, மைக்கேல் போர்ட்டில்லோவுக்கு 53. ஒரே ஓட்டில் போர்ட்டில்லோ வெளியே போனார். உறுப்பினர்கள் டங்கன் ஸ்மித்தைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தார்கள். சக எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே விரும்பிய தலைவர் அவர். 2003 அக்டோபரில் அதே எம்.பி.க்கள் நம்பிக்கையில்லா வாக்கெடுப்பில் 90க்கு 75 என்று அவரை இறக்கிவிட்டார்கள். அப்போது கட்சி எதிர்க்கட்சியாக இருந்ததால் சேதம் கட்சிக்குள்ளேயே நின்றது. 2022இல் அப்படி நிற்கவில்லை.

தோல்வியில் தொடங்கிய பயணம்

1975இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர் ட்ரஸ். அப்பா கணிதப் பேராசிரியர். பெற்றோர் இருவரும் இடதுசாரிச் சிந்தனை உள்ளவர்கள். சிறுமியாக இருந்தபோது அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலங்களுக்கு அம்மாவோடு போயிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது லிபரல் டெமாக்ரட் மாணவர் அமைப்புக்குத் தலைவர். 1994இல் அந்தக் கட்சியின் மாநாட்டு மேடையில் முடியாட்சியை ஒழிக்க வேண்டும் என்று பேசியவர். 1996இல் கன்சர்வேடிவ் கட்சிக்கு வந்தார்.

தேர்தல் அவருக்கு எளிதாக வாய்க்கவில்லை. 2001இல் ஹெம்ஸ்வொர்த் தொகுதி, தொழிற்கட்சியின் கோட்டை, தோல்வி. 2005இல் கால்டர் வேலி, அங்கேயும் தோல்வி, ஆனால் 1,367 ஓட்டு வித்தியாசத்தில். லண்டன் கிரீனிச் உள்ளாட்சி மன்றத்துக்கும் இரண்டு தடவை தோற்று, 2006இல்தான் உறுப்பினரானார். விடாமல் நிற்கும் குணம் அவரிடம் இருந்தது என்பதை அவரை விமர்சிப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2009இல் தென்மேற்கு நார்ஃபோக் கிளை அவரை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது. தெட்ஃபோர்டு, ஸ்வாஃபம், டவுனம் மார்க்கெட் போன்ற சிறு நகரங்களும், அவற்றைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான விவசாய நிலமும் சேர்ந்த தொகுதி இது. 1964இலிருந்து விடாமல் கன்சர்வேடிவ் கையில் இருந்தது. தேர்வு முடிந்த கொஞ்ச நாளிலேயே கிளைக்குள் கலகம். அவருடைய தனிப்பட்ட வாழ்க்கை குறித்த பழைய செய்தியொன்றைத் தங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். வேட்பாளரை மாற்றக் கோரும் தீர்மானம் வந்தது. ஆதரவு 37, எதிர்ப்பு 132. ட்ரஸ் தப்பினார். ஆனால், வெளியூரிலிருந்து கட்சித் தலைமை இறக்கிய ஆள் என்ற முணுமுணுப்பு அந்த ஊரில் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அப்புறம் எல்லாம் ஏறுமுகம். வாக்கு வித்தியாசம் 2010இல் 13,140, 2015இல் 13,861, 2017இல் 18,312, 2019இல் 26,195. பதவிகளும் அப்படித்தான்: 2014இல் சுற்றுச்சூழல் அமைச்சர், 2016இல் நீதி அமைச்சர், பிறகு நிதித்துறையில் இரண்டாம் இடம், 2019இல் பன்னாட்டு வர்த்தகம், 2021இல் வெளியுறவு. கேமரன், மே, ஜான்சன் என்று மூன்று பிரதமர்களின் கீழும் அமைச்சரவையில் இடம் பிடித்தவர். 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தவர், முடிவு வந்ததும் வெளியேற்றத்தின் தீவிர ஆதரவாளரானார்.

இந்த எண்களை ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 13 ஆயிரம் 26 ஆயிரமானது ட்ரஸ் மீது ஊர் கொண்ட அன்பினால் என்று சொல்ல முடியாது. அது பிரெக்சிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது) அலை. பிரெக்சிட்டுக்கு ஆதரவாகத் திரண்ட கிழக்கு இங்கிலாந்தின் ஓட்டு, அதை முடித்துத் தருவதாகச் சொன்ன கட்சியின் பின்னால் போய் நின்றது. கட்சிக்காக வந்த ஓட்டு கட்சியோடே போய்விடும்.

81,326 பேரின் தேர்வு

2022 ஜூலை 7இல் போரிஸ் ஜான்சன் பதவி விலகல் அறிவித்தார். மூன்றாவது வாசலில் ட்ரஸ்ஸின் தொடக்கம் மந்தம்தான். முதல் சுற்றில் அவருக்கு 50 ஓட்டு, ரிஷி சுனக்குக்கு 88, பென்னி மோர்டான்டுக்கு 67. ஐந்தாவது, கடைசிச் சுற்றில் சுனக் 137, ட்ரஸ் 113, மோர்டான்ட் 105. எட்டு எம்.பி.க்கள் வித்தியாசத்தில் இரண்டாம் இடம். கட்சி எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்குகூட அவரை விரும்பவில்லை. 2001இன் கதை திரும்பவும்.

நான்காவது வாசலில் நிலைமை தலைகீழ். வரியைக் குறைப்பேன், உடனே குறைப்பேன் என்றார் ட்ரஸ். முதலில் விலைவாசியை அடக்க வேண்டும், கடன் வாங்கி வரியைக் குறைப்பது பலிக்காது என்றார் சுனக். செப்டம்பர் 5இல் முடிவு வந்தது: ட்ரஸ் 81,326, சுனக் 60,399. ஓட்டுரிமை இருந்த கட்சி உறுப்பினர்கள் 1,72,437 பேர். நாட்டின் வாக்காளர்களோ நாலரைக் கோடிக்கும் மேல்.

சட்டப்படி இதில் தவறே இல்லை. மக்கள் தேர்ந்தெடுப்பது எம்.பி.க்களை. எம்.பி.க்களின் பெரும்பான்மை யாரிடமோ அவர் பிரதமர். ஆனால் ஒரு நியாயக் கேள்வி எழுகிறது. 2019இல் மக்கள் ஓட்டுப் போட்டது வேறொரு தலைவரின் தேர்தல் அறிக்கைக்கு. அதில் இல்லாத ஒரு பெரிய பொருளாதாரத் திருப்பத்தைச் செய்ய, சந்தா கட்டிய 81,326 பேரின் அனுமதி போதுமா? போதாது என்பதே என் எண்ணம். அதைச் செய்வதாக இருந்தால் மெல்ல, சக எம்.பி.க்களை இணங்கவைத்து, கணக்கைக் காட்டிச் செய்திருக்க வேண்டும். ட்ரஸ் நேர்மாறாகப் போனார்.

யாரும் எழுதி வைக்காத ஐந்தாவது வாசல்

செப்டம்பர் 6இல் பால்மோரலில் எலிசபெத் ராணி அவரைப் பிரதமராக நியமித்தார். இரண்டே நாளில் ராணி மறைந்தார். நாடு துக்கத்தில் நின்றது. செப்டம்பர் 23இல் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் 'மினி பட்ஜெட்' படித்தார். சாரம் இதுதான்:

1. ஆண்டுக்குச் சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக் குறைப்பு. ஆண்டு வருமானம் 1,50,000 பவுண்டுக்கு மேல் உள்ளவர்களுக்கான 45% வரி ரத்து. நிறுவன வரியை 19%இலிருந்து 25%ஆக உயர்த்தும் திட்டமும் ரத்து.

2. ஏற்கெனவே அறிவித்திருந்த மின்சார, எரிவாயுக் கட்டண உதவிக்கும் பெரும் தொகை தேவை. இரண்டுக்கும் பணம் கடனிலிருந்து.

3. வழக்கமாக பட்ஜெட்டோடு வெளிவரும் சுயேச்சையான மதிப்பீடு இந்தத் தடவை இல்லை. 'பட்ஜெட் பொறுப்பு அலுவலகம்' என்ற அமைப்பு வரவு செலவைச் சரிபார்த்துத் தரும் அறிக்கை அது. நிதித்துறையின் மூத்த செயலர் டாம் ஸ்காலரையும் அதற்கு முன்பே நீக்கியிருந்தார்கள்.

அரசுக்குக் கடன் கொடுப்பவர்கள்தான் இந்த ஐந்தாவது வாசலில் நிற்பவர்கள். மேலே சொன்ன மூன்றாவது விஷயம்தான் அவர்களை அதிகம் மிரட்டியது. கணக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, கணக்கையும் காட்டாமல் பெரிய கடன் கேட்டால் யார் நிம்மதியாகக் கொடுப்பார்?

பிரிட்டன் அரசு கடன் வாங்கும் பத்திரத்துக்குப் பெயர் 'கில்ட்'. நம்பிக்கை குறைந்தால் அதை விற்பவர்கள் கூடுவார்கள், விலை இறங்கும். விலை இறங்கினால், புதிதாக வாங்குபவருக்குக் கிடைக்கும் வட்டி விகிதம் ஏறும். 30 ஆண்டு கில்ட்டின் வட்டி சில நாளில் 5%ஐத் தாண்டியது. பவுண்டின் மதிப்பு செப்டம்பர் 26இல் 1.03 டாலரைத் தொட்டது, அதுவரை காணாத வீழ்ச்சி.

இங்கேதான் ஓய்வூதிய நிதிகள் சிக்கின. இன்னும் 30, 40 ஆண்டு கழித்துக் கொடுக்க வேண்டிய ஓய்வூதியத்துக்காக அவை நீண்டகால கில்ட்களை வைத்திருந்தன. அவற்றையே ஈடு வைத்துக் கடனும் வாங்கியிருந்தன. நகையை அடகு வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தங்கம் விலை திடீரென்று சரிந்தால் அடகுக் கடைக்காரர் சொல்வார்: இன்னும் இரண்டு பவுன் கொண்டுவா, இல்லாவிட்டால் பணத்தைக் கட்டு. பணம் புரட்ட ஓய்வூதிய நிதிகளிடம் இருந்த வழி, வைத்திருந்த கில்ட்டையே விற்பது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றதால் விலை மேலும் சரிந்தது. சரிந்ததால் மேலும் ஈடு கேட்டார்கள். இந்தச் சுழலை நிறுத்த, செப்டம்பர் 28இல் நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தலையிட்டு, 65 பில்லியன் பவுண்டு வரை கில்ட் வாங்கத் தயார் என்றது. கடைசியில் வாங்கியது சுமார் 19 பில்லியன்தான். வாங்க ஒருவர் நிற்கிறார் என்பதே பதற்றத்தைத் தணித்தது.

ஓய்வூதிய நிதிகளின் இந்தப் பலவீனம் தனக்குச் சொல்லப்படவில்லை, தன்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை என்று ட்ரஸ் இன்றும் வாதிடுகிறார். அதில் ஒரு பகுதி உண்மை. பலவீனம் முன்பே இருந்தது, அதைக் கண்காணிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை. உலகம் முழுக்க வட்டியும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் விரிசல் விட்ட சுவர் என்று தெரியாமல் இடித்தாலும், இடித்தது இடித்ததுதான்.

வீட்டுக் கடனில் விழுந்த அடி

கில்ட் சந்தை சாதாரண மனிதருக்குத் தூரமான விஷயம். ஆனால் பிரிட்டனில் வீட்டுக் கடன் வட்டி பெரும்பாலும் இரண்டு அல்லது ஐந்து ஆண்டுக்குத்தான் நிலையாக இருக்கும். அது முடிந்ததும் அன்றைய சந்தை விகிதத்தில் புதிதாக எடுக்க வேண்டும். மினி பட்ஜெட் வந்த நாளில் இரண்டு ஆண்டு நிலை வட்டி சராசரியாகச் சுமார் 4.75%. அக்டோபர் முதல் வாரத்தில் 6%ஐத் தாண்டியது. இடையில் வங்கிகள் நூற்றுக்கணக்கான கடன் திட்டங்களைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,00,000 பவுண்டு கடன், 25 ஆண்டுத் தவணை. 4.75%இல் மாதம் சுமார் 1,140 பவுண்டு. 6%இல் சுமார் 1,290. மாதத்துக்கு 150 பவுண்டு கூடுதல், இரண்டே வாரத்து மாற்றத்தில். முதல் வீடு வாங்க முன்பணம் சேர்த்து, பத்திரம் எழுதக் காத்திருந்த இளம் தம்பதிக்கு இது அரசியல் செய்தி இல்லை. சாப்பாட்டு மேஜையில் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு, எந்தச் செலவை வெட்டுவது என்று உட்கார்ந்து பார்க்கும் இரவு. பொருளாதாரத்தைச் சரியாக நடத்துபவர்கள் என்ற ஒரு பெயரை வைத்துத்தான் கன்சர்வேடிவ் கட்சி தலைமுறைகளாக ஓட்டு வாங்கியது. அந்தப் பெயர் போனது இந்த மேஜைகளில்.

செப்டம்பர் 29இல் வந்த யூகவ் கருத்துக்கணிப்பில் தொழிற்கட்சி 54%, கன்சர்வேடிவ் 21%. அக்டோபர் 3இல் 45% வரி ரத்து கைவிடப்பட்டது. 14இல் குவார்டெங் நீக்கம். 17இல் புதிய நிதியமைச்சர் ஜெரெமி ஹன்ட் மினி பட்ஜெட்டில் மிச்சமிருந்ததில் ஏறக்குறைய அனைத்தையும் திரும்பப் பெற்றார். 20இல் ட்ரஸ் பதவி விலகல் அறிவித்தார். 25இல் சுனக் பிரதமரானார்.

அவரை நீக்கியது யார்? புதிய தலைவர் மீது முதல் ஓராண்டுக்கு நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு கூடாது என்று 1922 குழுவின் விதி இருந்தது. ஆனால் பெரும்பான்மை எம்.பி.க்கள் கைவிட்ட பிரதமரை விதி காப்பாற்றாது. மூன்றாவது வாசலில் கடன் சொல்லி நுழைந்தவரிடம், அதே வாசலில் கணக்குக் கேட்டார்கள்.

630 ஓட்டின் கணக்கு

இனி தொகுதிக்கு வருவோம். 2024 ஜூலை 4 முடிவு:

தொழிற்கட்சியின் டெரி ஜெர்மி 11,847. ட்ரஸ் 11,217. ரிஃபார்ம் கட்சி 9,958. சுயேச்சை ஜேம்ஸ் பேக் 6,282. மற்றவர்கள் மிச்சம்.

ஜெயித்தவர் வாங்கியது சுமார் 27%. நாலில் மூன்று பேர் அவருக்கு ஓட்டுப் போடவில்லை, ஆனாலும் அவர்தான் எம்.பி. இரண்டாவது வாசலில் நினைவில் வைக்கச் சொன்ன விதி இதுதான்.

இன்னும் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். 2019இல் இங்கே தொழிற்கட்சிக்குக் கிடைத்தது 9,300 சொச்சம். எல்லைகள் கொஞ்சம் மாறின என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஐந்து ஆண்டில் அது கூடியது இரண்டாயிரம், மூவாயிரம் ஓட்டு அளவில்தான். ட்ரஸ் வாங்கியதோ சுமார் 35,500இலிருந்து 11,217க்கு விழுந்தது, 69%இலிருந்து 25%க்கு. கோட்டையை எதிரி பிடிக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் நான்கு திசையில் நடந்துவிட்டார்கள்.

ஒரு பெரிய பங்கு ரிஃபார்முக்குப் போனது. பிரெக்சிட்டுக்காக வந்தவர்கள், அதே உணர்வைப் பேசும் புதுக் கட்சிக்கு மாறினார்கள். இன்னொரு பங்கு ஜேம்ஸ் பேக்குக்கு. கன்சர்வேடிவ் பின்னணி உள்ள உள்ளூர்க்காரர், தொகுதியை ட்ரஸ் கவனிக்கவில்லை என்ற குறையை முன்வைத்து நின்றார். அவர் வாங்கிய ஓட்டு, ட்ரஸ் தோற்ற வித்தியாசத்தைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. பலர் வாக்குச்சாவடிக்கே வரவில்லை.

ஊர்க் குறைகளும் சின்னவை இல்லை. அந்தப் பகுதி மக்கள் போகும் கிங்ஸ் லின் குயின் எலிசபெத் மருத்துவமனையின் கூரை, பலமிழந்த பழைய கான்கிரீட். ஆயிரக்கணக்கான முட்டுத்தூண்கள் கொடுத்துத் தாங்கி வைத்திருக்கிறார்கள். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தூண் நிற்கும் வார்டுகள் உண்டு. பிரதமராகவே ஆன எம்.பி.யிடம் ஊர் எதிர்பார்த்தது கொஞ்சம் இதையும்தான்.

நாடு முழுக்கவும் கன்சர்வேடிவ் கட்சி அன்று 121 இடங்களுக்குச் சுருங்கியது, அதன் வரலாற்றிலேயே குறைவு. எனவே அலையும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் சுனக் தன் தொகுதியைத் தக்கவைத்தார், ஹன்ட்டும் நெருக்கடியான போட்டியில் தக்கவைத்தார். 26 ஆயிரம் முன்னிலையோடு களத்துக்கு வந்தவர் கரை சேரவில்லை.

விதி மாறியதா?

2022 அக்டோபரில் மட்டும் கட்சி ஒரு தடுப்புப் போட்டது. வேட்பாளராக 100 எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும் என்றார்கள். கடைசியில் களத்தில் நின்றது சுனக் ஒருவரே, உறுப்பினர்களின் ஓட்டுக்கு அவசியமே வரவில்லை. அது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. 1998 விதி அப்படியே இருந்தது.

2024 அக்டோபரில் திரும்பவும் தலைவர் தேர்தல். எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கெமி பேடனாக் 42, ராபர்ட் ஜென்ரிக் 41, ஜேம்ஸ் கிளெவர்லி 37. முந்தைய சுற்றில் முதலிடத்தில் இருந்த கிளெவர்லி வெளியே போனார். நவம்பர் 2இல் உறுப்பினர்கள் பேடனாக்கைத் தேர்ந்தெடுத்தார்கள், 53,806க்கு 41,388. கட்சி எம்.பி.க்களில் அவரை முதல் தேர்வாகக் கொண்டவர்கள் இந்தத் தடவையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.